நம்பர் ஓடுதா, காக்கா?

தொலைபேசி வேலை பார்க்கிறவனிடம், குரல் நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல யாரும் வருவதில்லை. என் மனைவி ஜெஸீமாவை நான் கடைசியாக உயிரோடு கண்டதும் ஒரு முறைப்பாட்டின் நடுவில்தான். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. இரண்டு கூண்டு, ஒரு மேசை, நிமிடத்தைக் காட்டும் ஒரு பெட்டி. அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டாரில் இருக்கும் மகனோடு கதைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், குரல் விட்டு விட்டு வருகிறது என்று கூண்டுக்குள்ளிருந்து சத்தம் போட்டார். ஜெஸீமா எழுந்து போய் ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். நான் பில் அடிக்கும் கடதாசிச் சுருள் வாங்குவதற்காக சைக்கிளை எடுத்தேன். அவள் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ரெண்டா வாங்குங்க, ஒண்டு காணா."

கேள்விக்குறிப் பொத்தான்

இரண்டாகத்தான் வாங்கினேன். பஸாரில் நிற்கும்போதே கடல் வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. கடையும் அவளும் இல்லை என்றான பிறகு, வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு நிறுவனம் கல்முனையில் அலுவலகம் திறந்தது. முகாமையாளர் ரஸீன் சேர் என்னிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தாம் வகுப்பு, ஆனால் போன் தெரியும் என்றேன். அந்த நாளில் அது போதுமாக இருந்தது.

அங்கே இருந்தது இன்டர்நெட் போன். கூரையில் இருந்த டிஷ் வழியாகக் குரல் ஆகாயத்துக்குப் போய்க் கொழும்பில் இறங்கும். ஒவ்வொரு போனிலும் கேள்விக்குறி போட்ட ஒரு பொத்தான் உண்டு. யாராவது கதைத்துக்கொண்டிருக்கும்போது அதை இரண்டு தரம் அமர்த்தினால் சின்னத் திரையில் இலக்கங்கள் வரும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் கொழும்போடு கதைத்தபடி தூசி துடைக்கும்போது கை பட்டு வந்தது. எல்லாம் ஆங்கிலம். அகராதி பார்த்து ஒரு கொப்பியில் எனக்கு விளங்குகிற பெயர்களை எழுதிக்கொண்டேன். நாம் கதைப்பதை இந்தப் போன் செக்கனுக்கு ஐம்பது துண்டாக வெட்டி அனுப்புகிறது. இங்கிருந்து போனவை, அங்கிருந்து வந்தவை, வழியில் தொலைந்தவை, ஒழுங்கில்லாமல் தள்ளாடி வந்தவை என்று நான்கு இலக்கம்.

என் மேசைக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சாரதி லாபிருக்கு இதை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்; அலுவலகத்தில் எல்லாருக்கும் நான் காக்காதான். நூறு துண்டு அனுப்பினால் சில நாளில் முப்பது தொலைந்துவிடும் என்றேன். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அப்ப நான் ஏசுறதுல முப்பது என்ட பொஞ்சாதிக்குப் போய்ச் சேரல்ல. அதான் காக்கா, குடும்பம் இன்னும் உடையாம இரிக்கி."

ஓம் என்று சொல்ல எடுத்த நேரம்

போனில் ஹலோ ஹலோ என்று கத்திக் களைத்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ரஸீன் சேரிடம் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வாரத்துக்கு ஒரு தரம் கணக்குக் கேட்பார். நாவிதன்வெளியில் பன்னிரண்டு வீட்டுக்கும் கூரை போட்டாயிற்றா என்று ஒருநாள் கேட்டார். சேர் உடனே ஓம் என்றார். கூரை போட்டது உண்மை, நானே போய்ப் பார்த்திருந்தேன். ஆனால் கேள்வி ஆகாயத்துக்கு ஏறி இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்க ஒரு செக்கனுக்கு மேலே ஆகிவிட்டது. அன்று மாரி மழையும் சேர்ந்து தள்ளாட்டத்தின் இலக்கம் நான் அதுவரை காணாத அளவுக்குப் போயிருந்தது. அந்த இடைவெளியில் பெரியவர், ஏன் யோசிக்கிறீர், உண்மையைச் சொல்லும் என்றார். சேர் பதறிப்போய் இல்லை இல்லை என்றார். அந்த இல்லை போய்ச் சேர்ந்த நேரத்தில் பெரியவர் அடுத்த கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார்: அப்படியென்றால் ஒழுகவில்லை என்று உறுதி தரலாமா?

மறுவாரம் கொழும்பிலிருந்து பரிசோதகர் ஒருவர் ஜீப்பில் வந்து பன்னிரண்டு கூரையையும் எண்ணிவிட்டுப் போனார். நான் அந்த அழைப்பின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் சேரிடம் காட்டினேன். பிழை உங்களுடையது அல்ல என்று ஆறுதல் சொல்வதாக எண்ணம். அவர் கொப்பியைப் பார்க்கவே இல்லை. "நான் உண்மையைச் சொன்னாலும் உங்கட போன் அதைப் பொய்யாக்கித்தானே கொண்டு போகுது, காக்கா."

இறக்காமத்துச் சுகமான அழைப்பு

எங்கள் கிளை ஒன்று இறக்காமத்தில் இருந்தது. அங்கே காவலுக்கு இருந்தவர் ஆதம்பாவா காக்கா, என்னை விட மூத்தவர். ஒருநாள் விடியற்காலையில் அங்கிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கிறது. பொத்தானை இரண்டு தரம் அமர்த்தினேன். தொலைந்தவை பூச்சியம். தள்ளாட்டம் இரண்டு. இவ்வளவு அழகான இலக்கத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஆகவே பிழை போனில் இல்லை, மனிதரில் என்று முடிவு செய்துகொண்டு, வாயைக் கிட்ட வைத்துச் சத்தமாகக் கதையுங்கள் என்று கத்தினேன். பதிலாக மறுபடியும் மூச்சு. கொஞ்சம் கோபமாகவே, லைன் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் கதைக்கிறீங்க இல்ல என்றேன். கடைசியில் மூச்சிலேயே சொல் வந்தது. "ஆனை வாசல் முத்தத்துல நிக்கிது. சத்தமாக் கதைக்கோணுமெண்டா நீங்க இஞ்ச வந்து கதைங்க."

நாற்பத்தொன்று

இனிச் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் அல்ல. எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதியவள் யோகேஸ்வரி, பாண்டிருப்புப் பிள்ளை. அவளுடைய கணவர் சிவபாலன் வன்னிக்காரர், எங்கள் நிறுவனத்தின் வன்னிக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பிள்ளைப்பேற்றுக்காக அவள் தாய் வீட்டுக்கு வந்த சமயத்தில் சண்டை மூண்டு வன்னிப் பாதை பூட்டுப்பட்டது. நிறுவனங்களையெல்லாம் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது வெளிநாட்டவர் வந்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரரான இவரால் வர முடியவில்லை. சின்ன டிஷ் ஒன்றையும் சூரிய பற்றரியையும் ஒரு போனையும் சனத்தோடு சனமாகக் காவிக்கொண்டு இடம் மாறி இடம் மாறிப் போனார். அந்தப் போனின் இலக்கம் நாற்பத்தொன்று.

தினமும் காலை பத்து மணிக்கு நான் நாற்பத்தொன்றை அழைப்பேன். பற்றரி தாங்குகிற ஐந்து ஆறு நிமிடம். அந்தக் காலத்தில் வன்னிக்குக் கதைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வாகனம் நின்றால், பிடித்துப் போக ஆமி வந்துவிட்டதோ என்று ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன். ரஸீன் சேர் அந்த நேரம் பார்த்து முகம் கழுவப் போய்விடுவார். யாரும் வந்து கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன் என்று என்னிடம் முதலே சொல்லியும் இருந்தார். அது அவருடைய நல்ல மனம்.

ஸ்பீக்கரில்தான் போடுவோம். யோகேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருப்பாள். சிவபாலன் நாலு சொல் கதைப்பார், பிறகு பேச்சு நின்றுவிடும். பங்கருக்குள் இறங்குகிறாரா, அழுகிறாரா, லைன் போய்விட்டதா என்று தெரியாது. அப்போது நான் பொத்தானை இரண்டு தரம் அமர்த்தி, வந்தவை என்ற இலக்கத்தைப் பார்ப்பேன். அவர் வாய் திறக்காவிட்டாலும் அவருடைய போன் அங்குள்ள அமைதியையும் செக்கனுக்கு ஐம்பது துண்டாக வெட்டி அனுப்பிக்கொண்டிருக்கும். இலக்கம் ஓடினால் அந்தப் பக்கம் போன் உயிரோடு இருக்கிறது. நம்பர் ஓடுதா காக்கா என்று அவள் கேட்பாள். ஓம் தங்கச்சி, ஓடுது என்பேன். சில நாளில் இரண்டு பேருமே ஒன்றும் கதைக்காமல், அவள் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழைப்பை முடித்திருக்கிறாள். ஒருநாள் அப்படி முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "கதைக்காட்டியும் பரவாயில்ல காக்கா. அது ஓடுறதைப் பார்த்திட்டுப் போனா எனக்குச் சோறு இறங்குது."

அமைதிக்கு வாடகை

டிஷ்ஷுக்கு மாத வாடகை கூடிப்போகிறது என்று கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. அங்கே போன்களுக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஒரு அழைப்பில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மாவையும் துண்டு துண்டாக அனுப்பி என்ன பயன்? யாரும் கதைக்காத நேரத்தில் ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று எல்லாப் போன்களுக்கும் கட்டளை கொடுங்கள் என்றார். எப்படி என்றும் சொல்லித் தந்தார்.

என் மேசையிலிருந்தே செய்தேன். எங்களுடைய எல்லாப் போனும் ஒரே பட்டியலில் இருந்தன; குறி போட்டுவிட்டால், போன் அடுத்த முறை டிஷ்ஷோடு சேரும்போது கட்டளை தானாக அதற்குப் போய்விடும். ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டு போனேன், நாற்பத்தொன்றுக்கும் போட்டேன். பற்றரியும் மிச்சமாகும் என்று சந்தோஷமாகவே போட்டேன். மாத முடிவில் டிஷ்ஷின் பாவிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பொறியியலாளர் போன் எடுத்துச் சொன்னதை அன்று கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வைத்தேன். "பல்கலைக்கழகம் போன ஆக்களுக்கு மூணு தரம் சொல்லணும். உங்களுக்கு ஒரு தரம் காணும்."

பத்து மணி

அந்த மாதம் முழுவதும் நாற்பத்தொன்று எடுபடவே இல்லை. ஒவ்வொரு காலையும் அழைப்பேன், மணி அடிக்காது. யோகேஸ்வரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து இருப்பாள், பத்தரைக்கு எழுந்து போவாள். பிறகு ஒருநாள் இரண்டாவது மணியிலேயே எடுபட்டது. சிவபாலன்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவள் இரண்டு என்றாள். அப்போது ஒரு சத்தம். நாங்கள் அது வரை ஸ்பீக்கரில் கேட்ட சத்தங்கள் தூரத்தில் விழுந்தவை. இது போனுக்குள்ளேயே விழுந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் பொத்தானை அமர்த்தினேன். போனவை ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் யோகேஸ்வரி அவருடைய பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள். வந்தவை நின்றுவிட்டது. அந்த நீண்ட எண்ணின் கடைசித் தானம் எட்டு. அது ஒன்பதாகவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருந்தேன். நம்பர் ஓடுதா காக்கா என்று கேட்டாள். நான் பொத்தானைத் திரும்பவும் இரண்டு தரம் அமர்த்தினேன். மறுபடி கேட்டாள். நிண்டிட்டுது தங்கச்சி என்றேன். அழைப்பை வெட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. அதன் பிறகு நாற்பத்தொன்று ஒருநாளும் அடிக்கவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, யாருக்கு என்றில்லாமல் சொன்னாள்: "ரெண்டு பல்லு எண்டு சொன்னது கேட்டிருக்கும்."

வெறும் நெற்றி

எட்டு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவளுடைய அம்மா ஒப்பாரி வைத்து, படம் வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டார் என்று லாபிர் வந்து சொன்னான். உடல் வரவில்லை. ஆமிக்காரரோ அயலவரோ ஒரு செய்தியும் சொல்லவில்லை. அவ்வளவும் நான் சொன்ன ஒற்றைச் சொல்லில் நடந்தது.

அன்று பின்னேரம் கொழும்புப் பொறியியலாளரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கோப்பு எடுத்து வருகிறேன், லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். பழக்கதோஷத்தில் பொத்தானை இரண்டு தரம் அமர்த்தினேன். வந்தவை நின்றிருந்தது. லைன் போய்விட்டது என்று ரிசீவரை வைக்கப் போனேன். அப்போது, கேக்குதா என்று அவருடைய குரல் வந்தது. இலக்கம் குபுகுபுவென்று ஓடத் தொடங்கியது. அவர் மறுபடி பேச்சை நிறுத்தினார், அதுவும் நின்றது. பட்டியலைத் திறந்து நாற்பத்தொன்றுக்கு நேரே இருந்த குறியைப் பார்த்தேன். கதைக்காத நேரத்தில் ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று கட்டளை கொடுத்தவன் நான். நாற்பத்தொன்றுக்கும் கொடுத்தவன் நான். அந்தக் கட்டளைக்குப் பிறகு, செத்த மனிதனும் சும்மா இருக்கிற மனிதனும் அந்தத் திரையில் ஒன்றுதான்.

சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆகாது. இல்லை என்று எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான். பொஞ்சாதியைத் தேடி மூன்று நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திரிந்தவன் நான். தெரியாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஒருவருக்கு அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதா? மூன்றாம் நாள் பாண்டிருப்புக்குச் சைக்கிளில் போனேன். அவளுடைய அம்மா கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. கட்டளையையும், இலக்கம் ஏன் நின்றிருக்கலாம் என்பதையும், அழைப்பை வெட்டியது நான்தான் என்பதையும் நின்றபடியே சொன்னேன். அம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். யோகேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் பொட்டு வைக்கிறதா, விடுறதா? அதை மட்டும் சொல்லுங்க, காக்கா."

எனக்குத் தெரியாது தங்கச்சி என்றேன். மறுநாள் அவள் சின்னதாக, கிட்டப் போனால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

முகாமிலிருந்து லாபிர்

சண்டை முடிந்தது. பட்டாசு கொளுத்தினவர்கள் கொளுத்தினார்கள். எங்கள் அலுவலகம் ஜன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தது. வவுனியாப் பக்கத்து முகாம்களுக்குத் தண்ணீர்த் தாங்கிகள் ஏற்றிக்கொண்டு லொறிகள் போயின. லாபிர் ஒன்றை ஓட்டிக்கொண்டு போனான். போகும்போது சிவபாலனின் பெயரையும் தகப்பன் பெயரையும் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தேன். முகாமுக்குள் ஆளைத் தேடித் திரிய விடமாட்டார்கள். அவன் அந்த மட்டையை லொறியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கொட்டும் இடத்திலெல்லாம் நிறுத்தியிருக்கிறான்.

நாலாம் நாள் பின்னேரம் என் கைத்தொலைபேசி அடித்தது. லாபிர்தான். குரல் விட்டு விட்டு வந்தது. அலுவலகத்துப் போன் இல்லை என்பதால் பார்க்க இலக்கம் ஒன்றும் இல்லை. என்ன, என்ன என்று மூன்று தரம் கேட்டேன். யோகேஸ்வரி தன் மேசையில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் ஸ்பீக்கரைப் போடப் பயந்து காதோடு அழுத்திக்கொண்டேன். லாபிர் கத்தினான்: "ஆள் இரிக்காரு காக்கா! நம்பர் கிம்பர் ஒண்டும் பாக்காதீங்க, நான் அவர்ட கையைப் புடிச்சிட்டு நிண்டுதான் கதைக்கிறன்!"

அந்தப் பக்கம் நடந்தது

வெளியே வர அவருக்கு மேலும் பல மாதம் ஆனது. நல்லாக மெலிந்து, ஒரு பக்கத்துக் காது கேளாமல் வந்தார். மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். கட்டளை போட்டது நான், வெட்டியது நான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் பல மாதமாகக் கோர்த்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு கேட்டார். பிறகு அன்று நடந்ததைச் சொன்னார். ஷெல் பங்கரின் விளிம்பில் விழுந்தது. மண் சரிந்து நெஞ்சு வரை மூடிவிட்டது, வாய் நிறைய மண். ரிசீவர் தெறித்துத் தலைமாட்டில் விழுந்து கிடந்தது. கதைக்க ஏலாது, ஆனால் நாங்கள் கதைத்ததெல்லாம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. சனம் வந்து தோண்டி எடுக்கும்போது போனும் டிஷ்ஷும் நொறுங்கிப் போயின.

யோகேஸ்வரி வந்து அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "நிண்டிட்டுது எண்டு நீங்கள் சொன்னதையும் கேட்டனான் அண்ணை. நான் செத்த செய்தியை முதல் ஆளாக் கேட்டது நான்தான்."

அலுவலகம் மூடிப் பல வருடம். சிவபாலன் இப்போது பாண்டிருப்பிலிருந்து எனக்குப் போன் எடுத்தால், நான் கதைத்து முடிக்கும் வரைக்கும் ஒரு நொடி விடாமல் "ம்… ம்…" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், நானும் அவருக்கு அப்படித்தான், அதனால் இரண்டு பேருக்கும் மற்றவர் சொல்வது பாதிதான் கேட்கிறது.